கொஞ்சம்தானே என்று சொல்லாதீர்கள்

போன மாதம் மகன் வீட்டில் ஒரு நல்ல எவர்சில்வர் பாத்திரத்தைச் சமையலறையிலிருந்து நாடு கடத்தினேன். அடி கனமான பாத்திரம். மருமகள் அதில்தான் பொங்கல் வைக்கும். அதை எடுத்துக் கார் ஷெட்டில் வைத்து, மேலே பட்டையான கறுப்புப் பேனாவால் "சாயம் - சமையலுக்கு ஆகாது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிட்டு வந்தேன். அன்று வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நடந்தது இதுதான். காலையில் எழுந்து காபிக்காகச் சமையலறைக்குள் போனால், பதினான்கு வயதுப் பேரன் அடுப்பில் அந்தப் பாத்திரத்தை வைத்து எதையோ கிண்டிக்கொண்டிருக்கிறான். உள்ளே மை போலக் கருநீலத் தண்ணீர். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் காபி மறந்துபோயிற்று. முப்பது வருஷம் அதே வாசனையில் நின்றவன் நான். பாலியஸ்டர் துணிக்குப் போடும் டிஸ்பெர்ஸ் சாயம். அதோடு சேர்த்துப் போடுகிற கேரியர் வாசனையும் அடித்தது.

"என்ன கண்ணு இது?"

"டிஸ்க்குக்கு டை பண்றேன் அப்பாரு."

பக்கத்தில் இட்லி மாவுப் பாத்திரம் திறந்து கிடக்கிறது. மேடையெல்லாம் நீலப் பொடி. மகன் வந்தான். நான் சத்தம் போட்டதும் சிரித்தான். "ஏனுங்கப்பா, இத்தனூண்டு பவுடர். கொஞ்சம்தானே? சோப்புப் போட்டுக் கழுவினா போயிரும்."

கொஞ்சம்தானே. இந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன்.

முதலில் அந்தத் தட்டு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருக்குத் தெரியாது. நாம் கடற்கரையில் பார்த்த ஃபிரிஸ்பீயின் தம்பி அது. அமெரிக்காவில் டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. மரங்களுக்கு நடுவே தட்டை வீசி வீசிக் கூடைக்குள் போட வேண்டும். எத்தனை வீச்சில் போட்டாய் என்பதுதான் கணக்கு. 1970களில் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் இதற்கு உருவம் கொடுத்தார். 2002இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். அவ்வளவு பைத்தியம் அந்த விளையாட்டின் மேல். மகன் இருக்கும் சார்லட் நகரத்தில் பூங்காவுக்குப் பூங்கா இந்தக் கூடைகள்தான். நானும் பேரனோடு போய் நடந்துவிட்டு வருவேன். எனக்கு அது நடைப்பயிற்சி, அவனுக்கு ஆட்டம்.

தட்டு குறுக்களவில் ஒரு சாண், எடை பெரும்பாலும் 150 முதல் 180 கிராம். கடையில் வாங்கினால் ஒரே நிறமாக இருக்கும். வெள்ளைத் தட்டை வாங்கி, வீட்டிலேயே சாயம் போட்டுத் தனக்கென்று ஒரு சித்திரம் வைத்துக்கொள்வது அங்கே பெரிய பொழுதுபோக்கு. என் பேரனுக்கு அதில் மயில் வரைய ஆசை.

இந்தச் செய்தியை ஃபோனில் சொன்னபோது ஊரில் என்னோடு காலை நடை வருகிற நண்பர் கேட்டது: "அமெரிக்கா போயும் சாயப்பட்டறை வெச்சுட்டீங்களா? படிக்கிற பையனுக்கு இது என்னங்க வேலை? நிறுத்தச் சொல்லுங்க."

ஆக, எனக்கு இரண்டு பக்கமும் சண்டை. கொஞ்சம்தானே என்கிற மகன் ஒரு பக்கம். வேண்டவே வேண்டாம் என்கிற நண்பர் மறுபக்கம். இரண்டு பேரும் தப்பு என்பது என் கட்சி.

நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் அன்று அடுப்படியில் செய்தது வெட்டி வேலை அல்ல. நான் சாயப்பட்டறையில் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்த ஒரு விஷயம் அவனுக்கு ஒரே வாரத்தில் புரிந்துவிட்டது. பருத்திக்குப் போடுகிற சாயம் பிளாஸ்டிக்கில் ஒட்டாது. அவன் முதலில் கேக்குக்குப் போடும் கலர் போட்டுப் பார்த்திருக்கிறான். கழுவினால் போய்விட்டது. துணிக்கலர் போட்டான், அதுவும் போய்விட்டது. பிறகுதான் செயற்கை இழைக்கான டிஸ்பெர்ஸ் சாயத்தைத் தேடிப் பிடித்தான்.

இந்தச் சாயம் தண்ணீரில் கரையாது. நுண்ணிய துகளாகத் தண்ணீரில் மிதக்கும். சூடு ஏறும்போது பிளாஸ்டிக்கின் உடம்பு இளகி இடம் கொடுக்கும். தண்ணீரைவிடப் பிளாஸ்டிக்தான் சாயத்துக்குச் சொந்தக்காரன். தண்ணீரை விட்டுவிட்டு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பாலியஸ்டர் துணியில் இதைச் செய்ய மிஷினை மூடி அழுத்தம் கொடுத்து 130 டிகிரிக்குக் கொண்டுபோவோம். இந்தத் தட்டுகளில் உயர்ந்த ரகமெல்லாம் பாலியூரிதேன் வகைப் பிளாஸ்டிக். இளகின சுபாவம். 60, 70 டிகிரியிலேயே சாயத்தை வாங்கிக்கொள்ளும். சாயம் மேலே பூசி நிற்காமல் உள்ளே போய்விடுவதால் தட்டின் கனமோ தடிமனோ மாறாது, போட்டியில் ஆடவும் தடையில்லை. மலிவான ரகமும், கடற்கரையில் வீசும் பெரிய தட்டுகளும் பாலிஎத்திலீன் வகை. அவற்றில் என்ன செய்தாலும் சாயம் பிடிக்காது, இல்லையென்றால் மங்கலாகப் பிடித்து வெளுத்துப்போகும்.

பத்தாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் ஏறாத பாடம் இது. கையால் செய்கிற வேலையைக் கேவலமாகப் பார்க்கிற புத்தி நம் தலைமுறைக்கு உண்டு. சாயப்பட்டறைக்காரன் என்று எனக்குப் பெண் தர யோசித்தவர்கள் உண்டு. அந்தப் புத்தியைப் பேரன்கள் தலையில் இறக்க வேண்டாம்.

இனி மகன் கட்சி. இதுதான் எனக்கு வலிக்கிற இடம்.

நான் டையிங் மாஸ்டராக இருந்த நாட்களில் திருப்பூரில் பட்டறைகள் காளான் மாதிரி முளைத்தன. ஏற்றுமதி ஆர்டர், ராத்திரி பகல் ஷிப்டு. பருத்தி பனியன் துணிக்கு அழுத்தமான ஷேடு போட வேண்டுமென்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் உப்பு கொட்ட வேண்டும். அப்படியென்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேல் உப்பு. அந்த உப்புத் துணியில் தங்காது. சாயம் பிடித்ததும் அத்தனையும் தண்ணீரோடு வெளியே போக வேண்டியதுதான். எங்கே போகும்? பட்டறைக்குப் பின்னால் ஓடை. ஓடை போய்ச் சேருவது நொய்யல்.

ராத்திரி இரண்டு மணிக்கு வால்வைத் திறந்துவிடச் சொன்னவர்களில் நானும் ஒருவன். இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. மழை பெய்கிற ராத்திரி என்றால் இன்னும் வசதி. தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். திறக்கிற பையன் ஒரு தடவை கேட்டான், "மாஸ்டர், இத ஆத்துல உடலாமுங்களா?" நான் சொன்னேன், "நம்முளுது கொஞ்சம்தான்டா."

உண்மையிலேயே எங்களுடையது கொஞ்சம்தான். சின்னப் பட்டறை. எல்லாப் பட்டறையும் சின்னப் பட்டறைதான். ஒவ்வொரு மாஸ்டரும் அதையேதான் சொல்லியிருப்பான்.

அந்தக் கொஞ்சமெல்லாம் சேர்ந்து எங்கே போயிற்று என்பது நமக்குத் தெரியும். ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்தது. அந்த அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கேட்கிற நிலைமை வந்தது. உலகத்தில் எந்த விவசாயியாவது அணையில் தண்ணீர் வேண்டாம் என்பானா? நொய்யல் விவசாயிகள் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரிக்க முடிந்தவன் மட்டும் திறக்கலாம் என்றது. எத்தனை குடும்பம் அன்றைக்கு வேலை இழந்தது என்பது உங்களுக்கும் தெரியும்.

என் மனைவியின் அண்ணனுக்கு அந்த அணைக்குக் கீழே நாலு ஏக்கர் தென்னை. கிணற்றுத் தண்ணீர் கெட்டு, மரம் குரும்பை உதிர்த்து, கடைசியில் மொட்டையாக நின்றது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பண்டிகைக்குப் போனால் "வாங்க மாப்ள" என்று கூப்பிட்டு, வெளியிலிருந்து வாங்கிய கேன் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார். அந்த டம்ளரை வாங்கும்போது எனக்குக் கை கூசும்.

நீங்கள் கேட்கலாம், ஒரு பையன் அடுப்படியில் போட்ட 14 கிராம் பாக்கெட்டும் நொய்யலும் ஒன்றா என்று. ஒன்றல்ல. நேர்மையாகவே சொல்கிறேன். நொய்யலைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு. டிஸ்பெர்ஸ் சாயத்துக்கு உப்பே தேவையில்லை. சார்லட் நகரத்தில் வீட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறது. ஒரு பாத்திரம் சாயத்தால் எந்த ஆறும் சாகாது.

ஆனால் நான் சண்டை போடுவது அந்தப் பாத்திரத்தோடு அல்ல, அந்த வாயில் வந்த வார்த்தையோடு. "கொஞ்சம்தானே" என்கிறவன் அளவு பார்த்துச் சொல்வதில்லை. என்ன போட்டோம், எங்கே போகிறது என்று பார்க்காமல் இருக்கத்தான் அதைச் சொல்கிறான். நானும் அப்படித்தான் சொன்னேன். பதினான்கு வயதில் அதைக் கற்றுக்கொள்கிறவன் நாற்பது வயதில் வால்வுக்குப் பக்கத்தில் நிற்கும்போதும் அதையே சொல்வான். தொழில் கற்றுக்கொடுக்கிறவர்கள் எல்லோரும் முதலில் டிசைனைத்தான் காட்டுகிறார்கள். மயில், சுழி, நட்சத்திரம். சாயப் பாத்திரம் எது, பொடியை எப்படித் திறப்பது, மிச்சத்தை என்ன செய்வது என்பதெல்லாம் பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் கிடக்கிறது. எனக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டரும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். அந்த வரிசையைத்தான் தலைகீழாக மாற்ற வேண்டும்.

அதனால் பேரனை உட்காரவைத்து, என் முறைப்படி முதலிலிருந்து ஆரம்பித்தோம். வெளிநாட்டில் பேரன் பேத்தி இருப்பவர்களுக்கு உதவும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் பாடம் பாத்திரம். சாயத்துக்குப் போனது சாயத்துக்குத்தான். பாத்திரம், கரண்டி, வடிகட்டி, எதுவும் சமையலுக்குத் திரும்பக் கூடாது. எவர்சில்வரில் கறை தெரியாது என்பதால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பழைய பொருள் விற்கும் கடையில் ஐந்து டாலருக்கு ஒரு தட்டையான பாத்திரம் கிடைக்கிறது. அடுப்பும் தனி. சின்ன மின்சார அடுப்பு ஒன்று வாங்கிக் கார் ஷெட்டில் வைத்து, ஷெட் கதவைத் திறந்துவிட்டாயிற்று.

இரண்டாவது பொடி. இந்தச் சாயப் பொடி மாவைவிட நைசு. மூச்சில் போனால் போனதுதான். டிஸ்பெர்ஸ் நீலச் சாயங்களில் சில, தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் கொடுக்கும். எங்கள் பட்டறையில் எடை போடுகிற பையன்களுக்குக் கை முழுக்கப் புண் இருக்கும். சேற்றுப்புண் என்று சொல்லி மஞ்சள் தடவிக்கொள்வார்கள். ஆகவே காற்று அடிக்காத இடத்தில், மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, பொடியை முதலில் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துக்கொண்டுதான் பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். முடிந்தால் பொடியே வேண்டாம், தண்ணீராகக் கரைத்தே விற்கிற சாயம் இருக்கிறது. ஆரம்பிக்கிறவர்களுக்கு அதுவே நல்லது.

மூன்றாவது அசிட்டோன். தட்டின் மேல் அச்சடித்த கம்பெனி முத்திரையைத் துடைத்தெடுக்க இதை உபயோகிக்கிறார்கள். சிலர் சாயத்தோடும் கலக்கிறார்கள். இது பெட்ரோல் மாதிரி. ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து போய் எங்கேயோ இருக்கிற நெருப்பைத் தேடிப் பிடிக்கும். அடுப்பு எரிகிற இடத்தில் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது. நீல நிறத்தில் கிடைக்கிற நைட்ரில் கையுறை சாயத்துக்குப் போதும். அசிட்டோன் அதைச் சில நிமிஷத்தில் ஊடுருவிவிடும். ஆரம்பிக்கிற பையன்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் தீர்ப்பு. முத்திரை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அதையும் சேர்த்து டிசைன் போடு என்றேன். போட்டான்.

இதற்குப் பிறகுதான் மயில். தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். ஒட்டுகிற வினைல் தாளைச் சுருக்கமில்லாமல் மேலே ஒட்டி, டிசைனைக் கத்தியால் கீறி, சாயம் ஏற வேண்டிய இடத்தை மட்டும் உரித்துவிட வேண்டும். ஓரத்தை நகத்தால் அழுத்தி விடுவது முக்கியம், இல்லையென்றால் சாயம் உள்ளே கசியும். தண்ணீர் கொதிக்கக் கூடாது. ஆவி பறக்கிற பதத்தில் அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டைக் கவிழ்த்து மிதக்கவிட வேண்டும். அதிகச் சூடு பட்டால் தட்டு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அப்புறம் நேராகப் பறக்காது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தூக்கிப் பார்க்கலாம். எடுத்ததும் தண்ணீரில் அலசிச் சமமான இடத்தில் வைத்து ஆறவிட வேண்டும்.

இரண்டு மூன்று நிறம் என்றால் அழுத்தமான நிறம் முதலில், வெளிர்நிறம் கடைசியில். பாத்திக்குக்காரன் இதற்கு நேர்மாறாக வெளிரிலிருந்து ஆரம்பிப்பான். இங்கே கறுப்பு ஏறின இடத்தில் அப்புறம் மஞ்சள் பட்டாலும் தெரியாது, அதனால் ஒவ்வொரு நிறத்துக்கும் புதிதாகத் தாள் ஒட்ட வேண்டாம். இதை அந்தப் பையன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். முப்பது வருஷ மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

நாலாவது பாடம்தான் எனக்கு முக்கியம். மிச்சச் சாயம்.

பேரனிடம் ஒரு கணக்குப் போடச் சொன்னேன். அந்த 14 கிராம் பாக்கெட் ஒரு கிலோ துணியை முக்கி எடுக்கப் போதும். தட்டு எவ்வளவு சாயம் குடிக்கும்? மேல்தோலில் மட்டும், அதுவும் டிசைன் இருக்கிற இடத்தில் மட்டும். ஆக, பாத்திரத்தில் போட்டதில் பெரும்பகுதி அப்படியே மிச்சம். "அப்ப நான் எதுக்கு அதக் கீழ ஊத்தறேன்?" என்று அவனே கேட்டான். அதைத்தான் கேட்க வேண்டும். எங்கள் பட்டறையில் ஒருத்தனும் கேட்காத கேள்வி.

ஆறவைத்து, மூடி இறுக்கமான கண்ணாடி ஜாடியில் ஊற்றி, நிறத்தையும் தேதியையும் எழுதி, சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தோம். அடுத்த தடவை அடியில் படிந்ததைக் கலக்கிச் சூடு பண்ணினால் போதும். நீல ஜாடியில் இதுவரை ஏழு தட்டு போட்டுவிட்டான். இன்னும் நிறம் குறையவில்லை. ஒரு நாள் அது தீர்ந்துபோகும்போது, வீட்டு ரசாயனக் கழிவுகளை வாங்கிக்கொள்கிற மையம் அந்தக் கவுண்டியிலேயே இருக்கிறது, பழைய பெயிண்ட், பேட்டரி கொடுக்கிற இடம், அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். கால் மணி நேரக் கார் பயணம். எங்களுக்கு அந்த நாளில் இப்படி ஓர் இடம் இருந்திருந்தால் கொண்டுபோயிருப்போமா என்று யோசித்தேன். போயிருக்க மாட்டோம். கேட்டிருந்தால், கொஞ்சம்தானே என்றிருப்போம்.

மகன் மூன்று நாள் முறைத்துக்கொண்டிருந்தான். "ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை சட்டமாப்பா?" என்றான். நான் பதிலுக்கு, பெரிய மாமாவுடைய தென்னந்தோப்பைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு அந்தத் தோப்பு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சின்ன வயதில் லீவுக்குப் போய் இளநீர் குடித்த தோப்பு. அது பட்டுப்போனது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அதில் அப்பாவுக்கும் பங்குண்டு என்பது அன்றுதான் தெரியும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்துபோய் மின்சார அடுப்புக்கு நீளமான ஒயர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான்.

மருமகளுக்குப் புதுப் பாத்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். நாற்பது டாலர். பென்ஷன்காரனுக்குக் கொஞ்சம் பெரிய தொகைதான்.

ஊருக்குக் கிளம்பும்போது பேரன் ஒரு தட்டைக் கையில் கொடுத்தான். வெள்ளையில் நீல மயில், தோகை ஓரத்தில் கொஞ்சம் கசிந்திருக்கிறது. ஓரத்தை நகத்தால் அழுத்தவில்லை. அடுத்த வாரம் மச்சானைப் பார்க்கப் போகிறேன். அந்தத் தட்டையும் எடுத்துக்கொண்டு போய், அந்த ராத்திரி வால்வைப் பற்றி அவரிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.